12–14 வயசுப் பிள்ளைகளுக்கு பியர் பிரஷர் (கூட்டாளிகளின் நெருக்குதல்) பற்றி ஞாயிறு வகுப்பில் எப்படிச் சொல்லித்தருவது? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

ஞாயிறுவகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் கிரேடு 7, கிரேடு 8 பிள்ளைகள் 16 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் இந்த ஜனவரியில்தான் ஹைஸ்கூலுக்குள் நுழைந்தவர்கள். வேப் (மின்சிகரெட்), ஹப்லி (ஹூக்கா), வகுப்பை பங்க் அடித்துவிட்டு மாலுக்குப் போவது, வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தரைக் குறிவைத்துக் கேலி செய்வது என்று பெற்றோர் ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறார்கள். ஆறு வாரம், வாரம் 40 நிமிஷம் ஒதுக்கலாம் என்று கமிட்டி சொல்கிறது.

கமிட்டியின் யோசனை: ஒரு வாரம் போலீஸ் அதிகாரி, ஒரு வாரம் போதையிலிருந்து மீண்ட ஒருவரின் பேச்சு, மற்ற வாரங்களில் நல்ல நட்பு பற்றிய அறிவுரை. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம். இந்த வயதில் உண்மையிலேயே என்ன பலிக்கும்? நெருக்குதலை அவர்களே அடையாளம் கண்டுகொள்ள என்ன பயிற்சி தரலாம்? பெற்றோரிடம் என்ன சொல்லவேண்டும்?

---

சாட்ஸ்வர்த்_கவுன்சலர்:

முதலில் அந்த மீண்டவரின் பேச்சை ரத்து செய்யுங்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், பிரச்சினை அவர் அல்ல. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய தடுப்புத் தரநிலைகளில், பள்ளிகளில் பலன் தராதவை அல்லது கெடுதலாகவே முடிபவை என்ற வரிசையில் பயமுறுத்துவதும், பழைய பயனாளிகளைக் கூட்டிவந்து அனுபவம் சொல்ல வைப்பதும் இருக்கின்றன. வெறும் தகவல் உரையும் அதே வரிசைதான். காரணம் எளிது. மேடையில் இருப்பவர் மைக் பிடித்து, சிரிக்க வைத்து, கைதட்டல் வாங்குகிறார். "அவ்வளவும் பண்ணிட்டு இப்போ நல்லாத்தானே இருக்கார்" என்பதுதான் 13 வயதுக்காரன் மனதில் தங்கும். அதே தரநிலைகள் சொல்லும் நல்ல முறை: பிள்ளைகளே பேசிப் பழகும் வகுப்புகள், வாரம் ஒன்றாக 10 முதல் 15 வரை, பிறகு அடுத்த ஆண்டுகளில் நினைவூட்டல். உங்களிடம் ஆறுதான் இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் அதில் ஒன்றைக்கூடப் பேச்சாளருக்குத் தாரைவார்க்காதீர்கள்.

இந்த வயதின் சிக்கல் அறியாமை அல்ல. தனியாக இருக்கும்போது அவர்களுக்கு எல்லாம் தெரியும். 2005-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 13–16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பார்க்க ஆடியபோது, தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு துணிந்து ஆபத்தை எடுத்தார்கள். 24-க்கு மேற்பட்டவர்களிடம் நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமே இல்லை. கூட்டாளிகளின் இழுப்பை எதிர்த்து நிற்கும் திறன் 14-லிருந்து 18-க்குள்தான் படிப்படியாக வளர்கிறது என்று அதற்குப் பிந்தைய ஆய்வும் சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் அந்த ஏணியின் அடிப்படியில் நிற்கிறார்கள். ஆகவே "உறுதியாக இரு" என்பதைவிட, அந்த இடத்தில் மாட்டாமல் இருக்கவும் மாட்டினால் வெளியே வரவும் வழி சொல்லித்தருவதுதான் புத்தி.

அடையாளம் காண்பதற்கு வருகிறேன். பிள்ளைகள் நினைக்கும் நெருக்குதல் சினிமாவில் வருவது: பெரிய பையன் சட்டையைப் பிடித்து சிகரெட்டைத் திணிப்பான். நிஜத்தில் யாரும் எதுவும் சொல்வதே இல்லை. வட்டமாக நிற்கிறார்கள், வேப் கைமாறி வருகிறது, அடுத்த கை உன்னுடையது. அல்லது குரூப்பில் ஒருத்தியின் போட்டோவுக்கு ஒன்பது பேர் சிரிப்பு இமோஜி போட்டாயிற்று, நீ மட்டும் போடவில்லை. வாய்ச்சொல்லாக வரும்போது நாலைந்து வகைதான்: "எல்லாரும் பண்றாங்க", "ஒரே ஒரு இழுப்பு", "யாருக்கும் தெரியாது", "அம்மாகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?", "அப்போ நீ எங்க ஆளு இல்லையா?"

மூன்று கேள்வி கற்றுக்கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அவசரப்படுத்துகிறார்களா? யாரிடமாவது மறைக்கச் சொல்கிறார்களா? வேண்டாம் என்றால் குழுவில் என் இடம் போய்விடுமா? இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் அது நெருக்குதல்.

முதல் வாரத்துக்கு 20 அட்டை எழுதி வையுங்கள், அட்டைக்கு ஒரு சூழ்நிலை. நாலு பேர் சேர்ந்த குழு அதை மூன்று குவியலாகப் பிரிக்கவேண்டும்: நெருக்குதல் இல்லை, நல்ல நெருக்குதல், கெட்ட நெருக்குதல். "டெஸ்ட்டுக்குச் சேர்ந்து படிக்கலாம் வா", "காவடிக்கு நீயும் விரதம் இரு", "சாக்கர் பிராக்டிஸைத் தவறவிடாதே" போன்றவை குறைந்தது ஆறு அட்டையிலாவது வரவேண்டும். அவை இல்லாவிட்டால் 'நண்பர்கள் என்றாலே ஆபத்து' என்று நீங்கள் சொல்வதாக எடுத்துக்கொண்டு காதை மூடிவிடுவார்கள். குவியல் பற்றி குழுவுக்குள் சண்டை வரும். வரட்டும், கற்பது அங்கேதான்.

இரண்டாம் வாரம் துண்டுச்சீட்டு. பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்கு விடை: "வேப் வேண்டாம் என்று சொல்கிறவனை நீ கேவலமாக நினைப்பாயா?" "இந்த அறையில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள்?" பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிட அதிகமாகத்தான் வரும். அந்த இடைவெளியைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஆனால் சீட்டுகளை முதலில் நீங்கள் தனியாக எண்ணிப் பாருங்கள். விடை தலைகீழாக இருந்தால் அறிவிக்காதீர்கள், அறிவித்தால் அதுவே நெருக்குதல் ஆகிவிடும். "யார் யார் வேப் இழுத்திருக்கிறீர்கள்" என்று மட்டும் கேட்கவே கூடாது. 16 பேர் உள்ள அறையில் கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

---

எல்.ஓ_டீச்சர்:

கவுன்சலர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பள்ளியில் லைஃப் ஓரியன்டேஷன் (எல்.ஓ., வாழ்க்கைத்திறன்) பாடத்தில் மறுப்பது எப்படி என்று ஒரு பக்கம் வரும், பிள்ளைகள் அதை எழுதி மார்க்கும் வாங்கிவிடுவார்கள். எழுதத் தெரிவதும் வாய் திறப்பதும் வேறு வேறு. மூன்றாம், நான்காம் வாரத்தை முழுக்க நடித்துப் பழகவே விடுங்கள். ஆனால் நடிப்பு எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்து செய்யவேண்டும்.

வழக்கமாக நடப்பது இது: வகுப்பில் அதிகம் சிரிக்க வைக்கும் பையனை 'தூண்டுபவன்' வேடத்துக்கு விடுவோம். அவன் பிரமாதமாக நடிப்பான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், மறுக்கவேண்டிய பிள்ளை மூலையில் நின்று நெளியும். நாம் பயிற்சி கொடுத்தது யாருக்கு? தூண்டுகிறவனுக்கு. அதனால் அந்த வேடத்தை எப்போதும் ஆசிரியரோ பெரிய தொண்டரோதான் போடவேண்டும். பிள்ளைகள் மறுப்பதையும் துணை நிற்பதையும் மட்டும் பழகட்டும்.

ஒரு சுற்றுக்கு 90 வினாடி. வரிசை இப்படி:

1. மூன்று வினாடிக்குள் ஒரு குட்டி வாக்கியம். காரணம் சொல்லக்கூடாது.
2. மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரலில், ஒரே ஒரு தடவை.
3. உடனே வேறு பேச்சு, அல்லது வேறு வேலை: "டக்‌ஷாப் மூடப்போறாங்க, நான் போறேன்."
4. மூன்றாவது தடவை கேட்டால் பதிலே இல்லை, கால் நடக்கட்டும்.

காரணம் ஏன் கூடாது என்றால், ஒவ்வொரு காரணத்துக்கும் எதிர்க்காரணம் தயாராக இருக்கும். "எனக்கு ஆஸ்துமா" என்றால் "இது வெறும் ஃபிளேவர்டா" என்பான். "அம்மா திட்டுவாங்க" என்றால் "மின்ட் தர்றேன்" என்பான். வாதாடத் தொடங்கிய பிள்ளை நாலாவது சுற்றில் தோற்கும். அதேபோல மறுக்கும்போது உபதேசம் செய்யவும் கூடாது. "இதெல்லாம் உடம்புக்குக் கெடுதல் தெரியுமா" என்கிற பிள்ளையை அடுத்த இடைவேளையில் யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பயம்தான் பலரை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. ஆகவே மறுப்பு விஷயத்துக்கு மட்டும், ஆளுக்கு அல்ல.

உடம்பையும் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் வாயால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சிரிப்பார்கள், கை பாதி நீண்டிருக்கும். இரண்டு கையாலும் பையின் பட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பாதம் போகவேண்டிய திசைக்குத் திரும்பி இருக்கட்டும். குரல் தணிந்தே இருக்கலாம், ஆனால் கடைசிச் சொல் மேலே ஏறக்கூடாது. ஏறினால் அது கேள்வி போலக் கேட்கும்.

இன்னொன்று, தமிழ் வகுப்பு என்பதால் "எனக்கு வேண்டாம் நண்பா" என்று பழக்கினால் அது மண்டபத்து வாசலோடு நின்றுவிடும். எந்த மொழியில் கேட்கப்படுமோ அந்த மொழியிலேயே பதில் பழகட்டும். டர்பன் பிள்ளை வாயில் "நா, ஐம் குட்" என்பதுதான் வரும். அதை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர்கள் எழுதிக் கொடுக்கும் வசனம் எப்போதும் நாறும்.

நான்காம் வாரம்தான் முக்கியம்: துணை நிற்பது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் சோதனைகள் செய்தார். அறையில் எல்லாரும் வேண்டுமென்றே தவறான விடை சொன்னால், சோதிக்கப்பட்டவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தவறாகவே சொன்னார். கூட இருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தத் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பெரும்பான்மை வேண்டியதில்லை, ஒருத்தர் போதும்.

பிள்ளைகளை ஜோடியாகப் பிரித்து, "நானும் வரல" என்ற இரண்டே சொல்லைப் பழக்குங்கள். முதலில் மறுக்கத் தைரியமில்லாத பிள்ளைக்குக்கூட இரண்டாவதாக மறுக்க முடியும். வகுப்பில் பாதிப்பேர் இந்த ரகம்தான், அவர்களை நாம் பொதுவாகக் கோழை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்களை ஜோடி போட்டால் திங்கட்கிழமையே உதவும். வெவ்வேறு பள்ளி என்றால், அவரவர் பள்ளியில் துணைக்கு யார் இருப்பார் என்று ஒரு பெயரை மனதில் எழுதிக்கொள்ளட்டும். உரக்கச் சொல்லவேண்டாம்.

---

பீனிக்ஸ்_பெரியவர்:

நல்ல யோசனைகள். ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் "அம்மா வீட்டில் போதை டெஸ்ட் எடுப்பாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். பொய் சொல்லவா கோயிலுக்கு அனுப்புகிறோம்?

---

மிட்ராண்ட்_அம்மா:

பெரியவரே, அதை நிஜமாக்கிட்டா பொய் இல்லையே! "யார் வீட்டுக்குப் போனாலும் ஏழு மணிக்கு அம்மா போன் பண்ணுவா, எடுக்கலைன்னா நேரா வந்து நிப்பா" என்று வீட்டில் ஒரு விதி வையுங்கள். அப்புறம் பிள்ளை அதைத் தாராளமாகச் சொல்லிக்கலாம். வில்லி வேஷம் நமக்கு, மானம் பிள்ளைக்கு.

பெற்றோருக்கு நீங்கள் சொல்லவேண்டியது ரகசியக் குறி. பிள்ளை ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு ஒரு சாதாரண மெசேஜ்: "பாட்டி மருந்து சாப்பிட்டாங்களா?" அது வந்த உடனே அம்மாவோ அப்பாவோ போன் போட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற சத்தத்தில் "எங்க இருக்க? உடனே வரணும், வர்றேன்" என்று சொல்லணும். டேட்டா, ஏர்டைம் இல்லாவிட்டால் 'ப்ளீஸ் கால் மீ' (என்னைக் கூப்பிடுங்கள் என்று கேட்கும் மெசேஜ்) இலவசமாகப் போகும். ஒரே நிமிஷத்தில் இரண்டு தடவை வந்தால் குறி என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒரு தடவை மட்டும் என்று வைத்தால் சும்மா வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கூட்டிவர இரண்டு பெரியவர் பெயராவது முடிவாகி இருக்கணும். லிஃப்ட் கிளப்பில் (பிள்ளைகளை முறைவைத்துக் காரில் கூட்டிப்போகும் குழுவில்) இருக்கும் ஒரு அத்தையோ மாமாவோ இருந்தால் நல்லது. அப்பா நைட் ஷிஃப்டில் இருக்கும்போதுதான் குறி வரும்!

இது பாழாவது எங்கே தெரியுமா? காரில். "யார் குடுத்தா? எத்தனை பேர்? நீயும் பண்ணினியா?" என்று சீட் பெல்ட் போடும் முன்னே ஆரம்பித்துவிடுவோம். அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் இன்னொரு தடவை குறி அனுப்பாது. அன்றைக்கு ராத்திரி கேள்வி கிடையாது, "கூப்பிட்டதுக்கு நன்றி" மட்டும். மறுநாள் சாப்பிட்ட பிறகு 15 நிமிஷம் பேசலாம்.

அந்த நண்பனைத் திட்டவும் வேண்டாம். "பன்றியோடு சேர்ந்த கன்றும்..." என்று ஆரம்பித்தால் பிள்ளை உடனே அவனுக்கு வக்கீலாகிவிடும். "அவன் வேப் நீட்டினது எனக்குப் பிடிக்கலை" என்று செய்கையை மட்டும் சொல்லுங்கள்.

எதைக் கவனிப்பது என்று கேட்பார்கள். பழைய நெருங்கின தோழி திடீரென்று வீட்டுக்கு வராமல் போவது, சாட் தினமும் அழிக்கப்படுவது, டக்‌ஷாப் காசு புதன்கிழமைக்குள் தீர்ந்துபோவது, துணியில் பழ மிட்டாய் வாசனை, புதிய பட்டப்பெயரைக் கேட்டால் எரிச்சல். இதில் ஒன்று மட்டும் இருந்தால் அது வெறும் 13 வயது. மூன்று சேர்ந்து இரண்டு மூன்று வாரம் நீடித்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு கசப்பான விஷயமும் சொல்லிடறேன். பிறந்தநாள் ப்ராய் விருந்தில் (இறைச்சி சுடும் விருந்தில்) சித்தப்பாவே ஹப்லியைப் பற்றவைத்து "ஒரு இழுப்பு இழுடா, ஒண்ணும் ஆகாது" என்று 12 வயசுப் பையனிடம் நீட்டும் குடும்பங்கள் நம்மில் நிறைய. தண்ணீரில் வடிகட்டி வருவதால் கெடுதல் இல்லை என்ற நினைப்பு தப்பு. நிகோடினும் வருகிறது, கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வருகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு எடுத்துப் பிரயோஜனமில்லை.

---

பள்ளிக்குழு_உறுப்பினர்:

போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் சட்டம் பற்றி நாலு விஷயம் சரியாகச் சொல்லப்படவேண்டும். தப்பான பயத்தால்தான் பிள்ளைகள் யாரிடமும் சொல்வதில்லை.

1996-இன் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், பிரிவு 8ஏ: நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே பிள்ளைகளைச் சோதனையிடலாம். உடல் சோதனை செய்பவர் பிள்ளையின் பாலினத்தைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும், அதே பாலினத்தில் இன்னொரு பெரியவரும் உடனிருக்கவேண்டும். போதைக்கான பரிசோதனை நடந்தால் ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். சோதனையில் பொருள் கிடைத்தாலோ பரிசோதனையில் போதை தெரிந்தாலோ பள்ளி அந்தப் பிள்ளைமேல் குற்றவழக்குத் தொடுக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கை வேறு, அது உண்டு.

பிரிவு 10ஏ: 'இனிஷியேஷன்' தடை. புதிதாகச் சேர்ந்த கிரேடு 8 பிள்ளைகளை மேல்வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து அவமானப்படுத்துவதோ அபாயமானதைச் செய்யவைப்பதோ 'பாரம்பரியம்' என்ற பெயரிலும் கூடாது.

அந்தரங்கப் படங்கள்: 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரின் நிர்வாணப் படம், தானே எடுத்ததாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் சிறார் ஆபாசப் படம். குரூப்பில் வந்தால் ஆசிரியரிடம் காட்டுவதற்காகக்கூட ஃபார்வர்டு செய்யக்கூடாது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கக்கூடாது. போனையே கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுக்கவேண்டும். நல்லெண்ணத்தோடு அனுப்பி மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

குற்றப் பொறுப்பின் குறைந்தபட்ச வயது 2022 முதல் 12. 12 முடிந்து 14 ஆகாத பிள்ளைக்கு அந்தப் பொறுப்புணர்வு இருந்தது என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்கவேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விவரிக்கத் தேவையில்லை, பெற்றோர் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

---

ஞாயிறுவகுப்பு:

மிக்க நன்றி. மீண்டவரின் பேச்சை எடுத்துவிடக் கமிட்டியில் சொல்கிறேன். இன்னொரு சிக்கல்: வகுப்பில் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே வேப் இழுப்பவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களைத் தனியாகப் பிரித்து அவர்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு வைக்கச் சொல்லிச் சில பெற்றோர் வற்புறுத்துகிறார்கள்.

---

சாட்ஸ்வர்த்_கவுன்சலர்:

வேண்டவே வேண்டாம். இது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். தடம் மாறும் பிள்ளைகளை ஒரே குழுவாகக் கூட்டிவைத்தால் ஒருவர் சொல்லும் வீரப்பிரதாபத்துக்கு மற்றவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பே பரிசாகிவிடும். டிஷியனும் அவர் கூட்டாளிகளும் 1999-இல் இதை எழுதினார்கள்: உதவி செய்ய வைத்த குழுக்களே சில பிள்ளைகளின் நடத்தையை மோசமாக்கின. அந்த மூவரையும் மூன்று வெவ்வேறு குழுவில், வேப் பக்கமே போகாத ஆனால் மதிக்கப்படும் பிள்ளைகளோடு சேருங்கள். துண்டுச்சீட்டுப் பயிற்சியில் வரும் எண் அவர்களுக்குத்தான் அதிகம் உறைக்கும்.

தனியாகப் பேசவேண்டியதைத் தனியாகப் பேசுங்கள், ஒரு தடவைக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிஷம். "ஏன் இழுக்கிறாய்" என்று தொடங்காதீர்கள். "எந்த இடத்தில், யார் இருக்கும்போது மறுக்கக் கஷ்டமாக இருக்கு?" என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் ஒரே இடமாக இருக்கும்: பஸ் நிற்குமிடம், கழிவறை, ஒரு குறிப்பிட்ட வீடு. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். "கடைசி மணி அடிச்சதும் கழிவறைக்குப் போகாமல் நேராக கேட்டுக்கு வருவேன், அங்கே இன்னார் காத்திருப்பான்" என்ற அளவுக்குத் துல்லியமாக. "இனி கவனமாக இருப்பேன்" என்பது திட்டமே அல்ல.

வேப் ஒன்று, 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் வேறு. டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் அந்தப் பெயரை எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். அடியில் இருப்பது ஹெராயின். இழுக்காத சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வது, மூக்கு ஒழுகுவது, வியர்வை, வீட்டில் சாமான் காணாமல் போவது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் அது ஞாயிறு வகுப்பு சமாளிக்கும் விஷயமே இல்லை. சமூக மேம்பாட்டுத் துறையின் போதை உதவி எண் 0800 12 13 14. பிள்ளை தானே பேச விரும்பினால் சைல்ட்லைன் 116, கட்டணம் கிடையாது. இரண்டையும் வகுப்பு நோட்டின் பின்னட்டையில் எல்லாப் பிள்ளைகளும் எழுதட்டும். ஒருவனை மட்டும் எழுதச் சொன்னால் கதை கெட்டது.

ஐந்தாம் வாரம் வாட்ஸ்அப்புக்கு. குரூப்பில் உடனே பதில் போடாமல் பத்து நிமிஷம் தள்ளிப்போடுவது, குரூப்பில் மல்லுக்கட்டாமல் கேலிக்கு ஆளான பிள்ளைக்குத் தனியாக "பார்த்தேன், அது சரியில்லை" என்று ஒரு வரி அனுப்புவது, இவை இரண்டு போதும். ஆறாம் வாரம் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ரகசியக் குறியை முடிவு செய்யட்டும். அன்றே மண்டபத்து வாசலில் இருந்து ஒரு தடவை அனுப்பிப் பார்க்கவேண்டும். எத்தனை அப்பாக்கள் போனை சைலன்ட்டில் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

இப்போது கிரேடு 7-இல் இருப்பவர்களுக்கு வருகிற ஜனவரியில், பள்ளி திறந்த இரண்டாவது ஞாயிறு, 40 நிமிஷம் மறுபடி. மூன்றாம், நான்காம் வாரப் பயிற்சியை மட்டும் எடுங்கள், அட்டைகளைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.